எதிர்த்து விழுந்த ஓட்டு

2025 ஜூனில், கலிஃபோர்னியா மாநில செனட்டில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் மரியா எலெனா துராசோ சொந்தக் கட்சி கொண்டுவந்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டார். மசோதா எப்படியும் நிறைவேறியது. அதன்படி ஆவணமில்லாத குடியேறிகளில் 19 வயது நிரம்பியவர்களை 2026 ஜனவரி முதல், வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலம் நடத்தும் மெடி-கால் மருத்துவக் காப்பீட்டில் புதிதாகச் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கும் 2026 ஜூலையில் பல் சிகிச்சை நிற்கும். 2027 ஜூலையிலிருந்து அவர்களில் 19 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் மாதம் 30 டாலர் கட்ட வேண்டும். குடியேறிகளுக்குச் செய்த துரோகம் என்றார் அவர்.

அந்த ஓட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெருடுவது அதற்கு ஆறு வருடம் முந்தைய பேரம்தான்.

2019-ல் அவர் கொண்டுவந்த எஸ்பி 29 என்ற மசோதா, தொடக்கத்தில் ஆவணமில்லாத எல்லாப் பெரியவர்களையும் மெடி-காலில் சேர்ப்பதற்கானது. செலவு அதிகம் என்பதால் நிதிக் குழுவின் ‘சஸ்பென்ஸ்’ கட்டுக்குப் போனது. மாநிலப் பொது நிதியில் 50,000 டாலரோ அதற்கு மேலோ கேட்கும் மசோதா செனட்டில் அங்கேதான் போய் விழும். வருடத்தில் இரண்டு தடவை கட்டைப் பிரிப்பார்கள். மசோதா ஒன்றுக்குச் சில நொடி. ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. வெளியே வரும்போது வயது வரம்பு சுருங்கியிருந்தது. கடைசியில் பட்ஜெட்டில் கிடைத்தது 19 முதல் 25 வயது வரைதான்: சுமார் 90,000 பேர், 98 மில்லியன் டாலர். நோய் அதிகம் உள்ள முதியவர்கள் வெளியே நின்றார்கள். 2020 ஜனவரியில் ஆளுநர் நியூசம் 65 வயது நிரம்பியவர்களைச் சேர்க்க முன்வந்தார். கொரோனா வந்ததும் மே மாதமே பின்வாங்கினார். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 2022 மேயிலும், நடுவில் மிஞ்சிய 26–49 வயதினருக்கு 2024 ஜனவரியிலும்தான் வழி திறந்தது.

எல்லாருக்கும் கொடு, இல்லாவிட்டால் வேண்டாம் என்று அன்றைக்கே நின்றிருக்கலாமா? அவர் வந்த வழி அப்படிப்பட்டதல்ல. ஊர் ஊராகப் போய் வயல் வேலை செய்த மெக்சிகோ குடும்பத்தில், பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல் தொழிலாளர் சங்கத்தில் அப்போது பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், கூட்டமோ ஆங்கிலத்தில் நடந்தது. அந்தச் சங்கத்துக்கு 1989-ல் தலைவரானார். இந்த ஒப்பந்தத்தில் கிடைத்ததை வாங்கிக்கொள், மிச்சத்தை அடுத்ததில் கேள் என்பது சங்கத்தில் படிக்கும் முதல் பாடம். 2023-ல் மருத்துவமனை ஊழியர்களுக்கு மணிக்கு 25 டாலர் என்று அவர் கொண்டுவந்த சட்டமும் படிப்படியாக ஏறுவதுதான்.

ஆனால் சங்க ஒப்பந்தம் முடியும் நாள்வரை முதலாளியைக் கட்டிப்போடும். பட்ஜெட் ஒரு வருடத்துக்கு மேல் யாரையும் கட்டாது. போதாததற்கு, வழக்கமான மெடி-கால் செலவில் குறைந்தது பாதியை மத்திய அரசு தரும். ஆவணமில்லாதவர்கள் விஷயத்தில் அவசர சிகிச்சை, பிரசவம் இரண்டுக்கும் தவிர மற்றதெல்லாம் மாநிலத்தின் தலையில். 12 பில்லியன் டாலர் பற்றாக்குறை வந்த 2025-ல், இந்தச் செலவு மதிப்பீட்டைவிட 2.7 பில்லியன் டாலர் கூடியதும் கத்தி எங்கே இறங்கும் என்பது தெரிந்துவிட்டது.

தவணையில் வாங்கியதால்தான் வெட்டவும் வசதியாகக் கோடு போட்டு வைத்திருந்ததோ என்று தோன்றும். அடுத்த நிமிடமே, 2016-ல் எல்லாருக்கும் முன்னால் உள்ளே வந்த ஆவணமில்லாத குழந்தைகளை யாரும் தொடவில்லையே என்றும் தோன்றும். மொத்தமாகக் கேட்டிருந்தால் குழந்தைகளும் சேர்ந்தே மாட்டியிருக்கலாம். இல்லை, குழந்தைகளை வெட்டத் துணியாமல் மொத்தமும் பிழைத்திருக்கலாம்.

ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு இப்போதைக்கு எல்லாம் ஒரு மஞ்சள் உறையில் இருக்கிறது. வருடாந்திரப் புதுப்பித்தல் படிவம் அதில்தான் வரும். வீடு மாறியதைக் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் சொல்லாமல் விட்டால் உறை திரும்பிப் போகும், காப்பீடு நிற்கும். சரிசெய்ய மூன்று மாதம் அவகாசம். முன்பெல்லாம் அதற்குப் பிறகும் புதிதாக விண்ணப்பிக்கலாம்.