ஏசிக்குள் குடிவந்த எலியும் ஒரு பொட்டலம் கோலமாவும்

ஐப்பசியில் அணைத்த ஏசியை மாசிக் கடைசியில்தான் மறுபடி போட்டேன். பத்து நிமிடத்தில் அறையெல்லாம் நாற்றம். பூஞ்சையாக இருக்கும், ஃபில்டரைக் கழுவினால் போய்விடும் என்று மூடியைத் திறந்தேன். கறுப்பாக ஏழெட்டு, மெத்தை மேல் விழுந்தன. அரிசியைவிட நல்ல பெரிசு, இரண்டு முனையும் கூர். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எலிப் புழுக்கைம்மா அது, வெறுங்கையால தொட்டுடாத" என்றார்.

மெக்கானிக் தம்பி வந்து இன்டோர் யூனிட்டை இறக்கினார். புளோவருக்குப் பின்னால் ஒரு முழுக் குடித்தனம்: தேங்காய் நார், அத்தையின் பழைய புடவைக் கிழிசல், குழாய் மேல் சுற்றியிருந்த கறுப்பு நுரை உறையின் துணுக்குகள். சென்சார் வயர் இரண்டு இடத்தில் கடிபட்டிருந்தது. "மழை முடிஞ்சா எனக்கு இதே வேலைதான்க்கா" என்றார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, பின்னாலேயே தென்பெண்ணையும் பெருகிய அந்த வாரம் கடலூரில் வளைக்குள் இருந்ததெல்லாம் மேலே ஏறியிருக்கும். எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். தண்ணீர் உள்ளே வரவில்லை, எலி வந்திருக்கிறது.

சென்சாரை மாற்றிவிட்டு, மருந்து வைக்கச் சொன்னார். அதற்கு நான் ஒப்பவில்லை. அதே நவம்பரில் குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனதைப் படித்த பிறகு அந்தப் பேச்சே வேண்டாம் என்றாகிவிட்டது. மருந்து தின்ற எலி ஏசிக்குள்ளேயே போய்ச் செத்தால் அதை எடுப்பது யார் என்பது இன்னொரு கேள்வி. அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். குழாய் போகும் ஓட்டை இரண்டரை அங்குலம். அதை அடைத்திருந்தது கசக்கிய செய்தித்தாள், மேலே ஒரு பூச்சு புட்டி. ஏசி மாட்டியவர்கள் விட்டுப்போன லட்சணம் அது. சனி, ஞாயிறில் ஏதாவது கைவேலை செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சரி, இந்தக் கோடைக்கு இதுதான் என்று முடிவு செய்தேன்.

சுத்தம் செய்தது

கையுறை, முகக்கவசம். பிளீச்சிங் கலந்த தண்ணீரைத் தெளித்துப் புழுக்கையை ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுத்தேன். காய்ந்ததைத் துடைப்பத்தால் கூட்டினால் தூசி பறந்து மூக்கில் ஏறும். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரம் வழியாகப் பரவும். கையில் சின்னக் கீறல் இருந்தாலே அதற்குப் போதும்.

கோலமாவு

எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதை அடைப்பது? அத்தையின் கோலமாவுப் பொட்டலம் ஒன்றை எடுத்து, சன்ஷேடு மேலும் குழாய் இறங்கும் சுவரடியிலும் மெல்லிசாகத் தூவினேன். கல் மாவுதான் வேண்டும். பச்சரிசி மாவு என்றால் எறும்பும் எலியும் சேர்ந்து விருந்து சாப்பிட்டுவிடும்.

காலையில் மாவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. சன்ஷேடு மேல் முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து, நடுவே வால் இழுத்த கோடு: எலி. முருங்கைக் கிளையிலிருந்து இறங்கி, குழாயைப் பிடித்து, ஓட்டைக்குள். சுவரடியில் வேறொரு தடம், நாலு காலிலும் ஐந்து விரல். அது மூஞ்சூறு. எலி மாதிரி இருந்தாலும் எலி இனமே கிடையாது. பூச்சி தின்கிற பிராணி, கரப்பான் அதற்குப் பலகாரம். வயரைக் கொறித்துப் பல் தேய்க்கவேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. எலிக்கு முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்க்காவிட்டால் அதற்கே ஆபத்து. "பிள்ளையார் வாகனத்த ஒண்ணும் பண்ணிடாத" என்று அத்தை ஏற்கெனவே சொல்லியிருந்தார். பண்ணவில்லை.

அடைப்பதற்கு முன்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். உள்ளே ஆள் இருக்கும்போது கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? ஓட்டையில் காகிதத்தைத் தளர்வாகச் செருகிவைத்தேன். மறுநாள் காகிதம் வெளிப்பக்கம் விழுந்து கிடந்தது. அப்படியென்றால் எலி வீட்டுக்குள். பரணில் ஒரு பொறியை வைத்தேன், சுட்ட தேங்காய்ச் சில்லோடு. முதல் இரண்டு இரவும் பொறியை இழுத்துக் கட்டவில்லை, தீனி மட்டும்தான். புதுப் பொருள் எதைக் கண்டாலும் எலி சில நாள் ஒதுங்கியே போகும். தின்று பழகட்டும் என்று விட்டேன். மூன்றாம் இரவு இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மூன்று இரவு காகிதம் அசையாமல் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அடைக்கவே ஆரம்பித்தேன்.

அடைத்தது, பிய்ந்தது, மறுபடி அடைத்தது

முதலில் டப்பாவிலிருந்து பீய்ச்சும் ஃபோம். பார்க்கப் பாந்தமாக உப்பி நின்றது. நான்காம் நாள் காலையில் சன்ஷேடு மேல் மஞ்சள் துகள். காற்றை அடைக்கலாம், எலியை அது அடைக்காது.

அடுத்து ஒயிட் சிமென்ட் பூசலாமா என்று யோசித்தேன். மெக்கானிக் தம்பி போனிலேயே தடுத்தார். குழாய் அதிர்ந்துகொண்டே இருப்பதால் விரிசல் விடும், நாளைக்குக் குழாயைக் கழற்றவேண்டி வந்தால் உளி வைத்து உடைக்கவேண்டும், அப்போது செம்பும் நசுங்கும்.

கம்பி வலை வாங்க லாரன்ஸ் ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் ஜிஐ வலையை (துத்தநாகம் பூசிய இரும்பு) எடுத்துப் போட்டார். விலை குறைவு. ஆனால் எங்கள் மாடியில் செடிக்குக் கட்டிய ஜிஐ வலை தேவனாம்பட்டினக் கடற்காற்றுக்கு இரண்டு மழை தாங்கவில்லை. போதாததற்கு இங்கே பக்கத்தில் செம்புக் குழாய். செம்பும் துத்தநாகமும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் துத்தநாகம்தான் முதலில் கரையும். எனவே ஸ்டெயின்லெஸ் வலை, கண் 6 மில்லிமீட்டர். எலிக்கு 12 மில்லிமீட்டர் சந்து போதும், சுண்டெலிக்கு 6-ஐத் தாண்டினாலே போதும். பென்சில் தாராளமாகப் போகிற சந்து எதையும் விடாதீர்கள்.

கடைசியில் நின்ற ஏற்பாடு இது: குழாய்களைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் பாத்திர நாரை ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி இறுக்கினேன் (சாதா இரும்பு நார் துருவேறி மாவாகிவிடும்). அதன்மேல் வலையை வட்டமாக வெட்டி, குழாய்க்கு வாய் விட்டு, சுவரோடு நாலு ஸ்க்ரூ. ஓரத்தில் சிலிகான். டிரில் போடும்போது குழாய்ப் பக்கம் சாயாமல் பிடிக்கவேண்டும். செம்பில் ஓட்டை விழுந்தால் கேஸ் முழுக்க வெளியே. எங்களுடையதில் இருப்பது ஆர்32, ஓரளவு தீப்பற்றக்கூடியது. வலை வெட்டுகிற வேலை கையைக் கிழிக்கும், அரை மணி நேரம் என்று நினைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது.

கடித்துப்போட்ட நுரை உறையையும் மாற்றினேன். ஸ்பிளிட் ஏசியில் போகிற குழாய், வருகிற குழாய் இரண்டுமே குளிரும். இரண்டுக்கும் தனித்தனி உறை இல்லையென்றால் வேர்த்துக் கொட்டி, சுவர் பாசி பிடிக்கும். உறை போட்ட குழாய்களை மூன்றங்குல பிவிசி பைப்புக்குள் விட்டு இறக்கியாயிற்று.

தென்னை மரத்துத் தகரம்

தென்னந்தோப்பில் எலி ஏறாமல் இருக்க மரத்தில் தகரம் அடித்திருப்பார்கள். துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் கயிற்றில் வட்டத் தகடு மாட்டுவதும் இதற்குத்தான். அதே வித்தையை பிவிசி பைப்பில் செய்து பார்த்தேன். எண்ணெய் டின்னை வெட்டி ஓரடி அகலத்துக்கு ஒரு தட்டு. ஆடிக்குள் துருப்பிடித்துவிட்டது. இப்போது இருப்பது அலுமினியம்.

தட்டு மாட்டியும் சன்ஷேடு மாவில் தடம் நிற்கவில்லை! பைப்பில் ஏறுகிற சிரமம் அதற்கு எதற்கு, முருங்கைக் கிளை இருக்கும்போது? முதல் நாளே மாவு சொன்னதை நான்தான் மறந்துவிட்டு, தட்டு செய்கிற ஆசையில் அலைந்திருக்கிறேன். கிளைக்கும் சுவருக்கும் மூன்றடியாவது இடைவெளி வருகிற மாதிரி வெட்டினேன். கீரைக்கு எங்கே போவது என்று அத்தை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நானே இழுத்துவிட்ட வம்பு

ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப் வழியாகக் கரப்பானும் பல்லியும் ஏறும். ஏசிக்குள் இருக்கும் பிசிபி என்ற மின்னணு போர்டில் பல்லி ஒட்டிக் கருகினால் அதுவும் செலவுதான். எனவே பைப் முனையில் கொசுவலைத் துணியைக் கட்டினேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். பத்தே நாளில் கொழகொழவென்று பாசி அடைத்து, தண்ணீர் திரும்பி இன்டோர் யூனிட்டிலிருந்து வழிந்து, கீழே இருந்த புத்தக அலமாரி நனைந்தது. இப்போது துணி இல்லை. மிச்சமிருந்த ஸ்டெயின்லெஸ் வலையில் ஒரு குல்லாய், மாதம் ஒருமுறை கழற்றித் தேய்க்கிறேன். பல்லிக்கு அது முழுத் தடை இல்லை, ஆனால் தண்ணீர் தடையில்லாமல் போகிறது.

அவுட்டோர் யூனிட்டையும் வலையால் மூடிவிடலாம் என்று எனக்கு ஆசை. காயிலுக்குக் காற்று போகாமல் சூடேறும், அடித்தட்டு ஓட்டைகள் தண்ணீர் வடிவதற்கு, அதையும் அடைக்கக்கூடாது என்று தம்பி சொல்லிவிட்டார். வயர் நுழையும் இடத்தில் மட்டும் அவரே ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார். அந்த மூடியை நான் திறக்கவில்லை. எம்சிபி சுவிட்சை அணைத்தாலும் கேபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இப்போது

கார்த்திகை பிறந்துவிட்டது. மழை விட்டிருக்கிற நாளில் சன்ஷேடில் மாவு தூவிப் பார்க்கிறேன். மூன்று வாரமாக எலித்தடம் இல்லை. ஒருநாள் அணில் ஓடியிருக்கிறது. அதுவும் கொறிக்கிற ஜாதிதான், அவுட்டோர் பக்கம் நார் சேர்க்கிறதா என்று ஒரு கண் வைத்திருக்கிறேன். ஏசி அணைத்திருந்தாலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடுகிறேன்.

"ஏசிக்கு நாள் தவறாம கோலம் போடுற, வாசலுக்கு யாரு போடுறது?" என்கிறார் அத்தை. மாடி அறை ஏசியின் ஓட்டையில் இன்னும் அந்தச் செய்தித்தாள்தான் இருக்கிறது. வலை மிச்சம் ஒரு முழம் உண்டு, நார் மட்டும் வாங்கவேண்டும்.