மின்னணுப் பேட் இரவுச் சாதகத்துக்கு உதவும், கும்கிக்கு உதவாது

மிருதங்கமோ தபேலாவோ கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் இங்கே சிங்கப்பூரில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தோல் வாத்தியத்துக்குப் பதிலாக, கையால் வாசிக்கும் மின்னணுப் பேட் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாமா என்பதே அது. நான் முறையாக மிருதங்கம் கற்றவன். பஜனைகளிலும் மெல்லிசை மேடைகளிலும் பேடும் வாசித்து வருகிறேன். இரண்டின்மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. துணைக்கருவியாக வாங்குங்கள், மாற்றாக வாங்காதீர்கள் என்றே சொல்லி வருகிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

கேள்வி எழுவதற்கான காரணம் நியாயமானது. இந்நாட்டு மக்களில் பத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறோம். பள்ளியும் துணைப்பாட வகுப்புகளும் முடிந்து பிள்ளை வீடு திரும்பவே இரவு எட்டு மணியாகிவிடுகிறது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை அமைதி காக்க வேண்டும் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்த நெறி. அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்க வேண்டும் என்று அக்கம்பக்க இரைச்சலை ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு 2022ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. சாதகத்துக்கு, அதாவது வாசித்துப் பழகுவதற்கு, கிடைக்கும் நேரமும் அண்டை வீட்டார் ஓய்வெடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும் ஊரில், ஹெட்போன் செருகி வாசிக்கக்கூடிய கருவி பெரிய வரம். ஆனால் பேட் முழு மௌனமானது என்று எண்ணிவிட வேண்டாம். ரப்பர் பரப்பில் விரல் விழும் ஓசை அறைக்குள் அடங்கிவிடும்; தாங்கியின் கால்கள் வழியாகத் தரையில் இறங்கும் அதிர்வோ கான்கிரீட் தளத்தின் ஊடே கீழ்வீட்டுக் கூரையில் ‘தொம் தொம்’ என்று கேட்கும். தாங்கிக்கு அடியில் தடித்த விரிப்பு ஒன்றை மடித்துப் போட்டால் பெருமளவு குறையும்.

ஹெட்போனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது கம்பியுள்ளதாக இருக்கட்டும். நிமிடத்துக்கு 60 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் ஒரு தட்டை எட்டாகப் பகுத்து வாசித்தால் ஒரு சொல்லுக்கும் (‘த’, ‘க’ போன்ற ஓர் அடிக்கும்) அடுத்த சொல்லுக்கும் இடையே 125 மில்லிவினாடிதான் இருக்கிறது. புளூடூத் ஹெட்போன்கள் பலவற்றில் ஒலி வந்து சேரும் தாமதமே அந்த அளவைத் தொட்டுவிடும். அப்படியானால் இப்போது வாசித்த ‘த’ காதில் விழும்போது விரல் அடுத்த ‘க’வில் இருக்கும், லயம் பழக வேண்டிய பிள்ளைக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

தட்பவெப்பத்தைப் பொறுத்தவரை மின்னணுக் கருவியின் பக்கமே வெற்றி. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இத்தீவில், மழைநாளில் தோல் தளர்ந்து ஸ்ருதி இறங்கும். குளிரூட்டிய அரங்கினுள் நுழைந்தால் காய்ந்து ஏறும். ஒரு கட்டை ஸ்ருதிக்கு ஒரு மிருதங்கம், ஐந்து கட்டைக்கு இன்னொன்று என்று வைத்திருக்க வேண்டிய தேவையும் பேடில் இல்லை. பொத்தானை அழுத்தினால் ஸ்ருதி மாறிவிடுகிறது. தோலைப் புதிதாக மூட்டுவதற்காக மிருதங்கத்தை ஊருக்குப் போகும்போதெல்லாம் சுமந்து செல்பவர்களை அறிவேன். அவர்களுக்கு இந்த நிம்மதியின் அருமை தெரியும்.

இனி, கிடைக்காதது எது என்று பார்ப்போம். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் ‘நம்’ என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல், நடுவிலுள்ள கரிய பூச்சான சோற்றின் ஓரத்தை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க, சுட்டுவிரல் மீட்டு எனப்படும் வெளி வளையத்தோலின்மேல் விழுகிறது. வெறும் வட்டத் தோல் அதிரும்போது எழும் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. அந்தச் சோற்றின் எடைதான் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்து வாத்தியத்துக்கு ஸ்ருதியைத் தருகிறது. இதை சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் இணைந்து, 1920ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மோதிர விரல் சில அதிர்வுகளை அடக்கிச் சிலவற்றை விடுவிக்கிறது. அதாவது, அடிக்காத விரலும் வாசிக்கிறது. விரலை இம்மியளவு நகர்த்தினாலும் நாதம் மாறுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் மாணவனின் கை பதமாகிறது.

பதிவு செய்த ஒலிகளை எழுப்பும் பேடில் இந்த உறவு இல்லை. ரோலண்ட் நிறுவனத்தின் ஹேண்ட்சோனிக் வரிசையில் எச்பிடி-20 என்ற கருவியை எடுத்துக்கொண்டால், அதன் வட்டப் பரப்பு 13 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஒலி. அடியின் வேகத்தை அது அளக்கிறது, அழுத்தத்தையும் உணர்கிறது. அழுத்தினால் ஸ்ருதி வளையும் என்பதால் இடக்கையால் எழுப்பும் முனகல் ஒலியான கும்கி போன்ற ஓர் ஒலியை எழுப்பலாம். ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, மணிக்கட்டின் அடிப்பகுதியால் தோலை அழுத்தி வழுக்கும்போது, அழுத்தமும் வேகமும் கை நகரும் தூரமும் ஒன்றுசேர்ந்து அந்த முனகலை உருவாக்குகின்றன. ரப்பரில் பழகிய கைக்கு அந்த வழுக்கல் வருவதில்லை. இடக்கை வளராத மிருதங்க வாசிப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் வறண்டே ஒலிக்கும்.

எல்லா மின்னணுக் கருவிகளையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியன்று. கோர்க் நிறுவனம் 1994இல் வெளியிட்ட வேவ்டிரம், உண்மையான அடிபரப்பின் அதிர்வையே உள்வாங்கி அதிலிருந்து ஒலியை வடித்தது. சுரண்டினால் சுரண்டலாகவும் தடவினால் தடவலாகவும் அது மறுமொழி தந்தது. ரோலண்டைத் தோற்றுவித்த இகுதாரோ ககேஹாஷி பின்னாளில் தொடங்கிய ஏடிவி நிறுவனத்தின் ஏஃபிரேம் என்ற சட்டப்பறையும் இதே வழியில் சென்றது. இவை மிருதங்கம் போல ஒலிப்பதில்லை. தங்களுக்கென ஒரு குரல் கொண்டவை. என்றாலும் விரலுக்கும் ஒலிக்கும் இடையிலான உறவை மதிப்பவை என்பதால், நூற்றுக்கணக்கான வாத்தியங்களின் ஒலிகளை அடைத்துவைத்த பெட்டிகளைவிட இவற்றையே நான் விரும்புகிறேன்.

சமூக மன்ற மேடையில் மெல்லிசைக்குப் பேட் மிகப் பொருத்தம். கம்பியை நேரே ஒலிக்கலவைப் பெட்டியில் செருகிவிடலாம். மைக் ஊளையிடும் தொல்லை இல்லை. ஒரு பாட்டுக்கு டோலக்கும் அடுத்த பாட்டுக்கு கடமும் அதே பரப்பில் கிடைக்கும். கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகருக்குப் பக்கவாத்தியமாக அதை வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பாடகர் குரலைத் தாழ்த்தும்போது மிருதங்கமும் உடன் தாழ்ந்து கீழ்க்காலத்தில் சுற்றிச் செல்லும் அந்த நுண்மை, ஒலிபெருக்கி வழியாக மட்டுமே பேசும் கருவிக்கு எட்டுவதில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். பாடக்கைகள் (அடிப்படைப் பாடங்கள்) தோலில் நன்கு படிந்து, கேட்கும் சொல்லெல்லாம் தெளிவாக விழத் தொடங்கும்வரை பேட் வேண்டாம். அதன்பின் கோர்வை, மோரா எனப்படும் கணக்குமிக்க முடிப்புகளைக் கணக்குப் பிசகாமல் உருவேற்ற அது நல்ல துணை. அங்கே நாதத்தைவிடத் தாளத்தில் உரிய இடத்துக்கு வந்து சேர்வதே முதன்மை.

வாங்கச் செல்லும்போது பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் போன்ற இடங்களிலுள்ள இசைக்கருவிக் கடைகளில், எந்தக் கருவியானாலும் வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டே பேச்சைத் தொடங்குங்கள். மோதிர விரலை ஒரு பகுதியில் ஊன்றிக்கொண்டு அடுத்த பகுதியைச் சுட்டுவிரலால் மிக மெல்லத் தட்டச் சொல்லுங்கள். மெல்லிய அடி ஒலிக்காமல் போனாலோ, ஊன்றிய விரலையும் ஓர் அடியாக எண்ணிக் கருவி ஒலித்தாலோ, உணர்திறன் அமைப்பை மாற்றித் தரும்படி கேளுங்கள். மாற்றியும் சரியாகவில்லை என்றால் அந்தக் கருவியை வாங்க வேண்டாம்.