கேட்டுவிட்டுச் சேர்க்க வேண்டிய அலையோசை

வடபழனியில் நான் வேலை செய்யும் எடிட்டிங் அறையில் நேற்று, மெரினா அலையோசைப் பதிவு ஒன்றைக் கேட்டுப் பார்க்காமலேயே டைம்லைனில், அதாவது காட்சிகளையும் ஒலிகளையும் வரிசையாக அடுக்கும் பட்டையில், இழுத்துப் போட்டதால், நாயகி மௌனமாகக் கடலைப் பார்க்கும் காட்சியில் சுண்டல் விற்பவரின் குரல் கணீரென்று ஒலித்தது. (காட்சிக்கு அது பொருந்தியும் இருந்தது என்பது வேறு விஷயம்.)

நான் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் ஒலித் துணுக்கை இருமுறை சொடுக்கினால் அது சோர்ஸ் மானிட்டர் என்னும் முன்னோட்டச் சாளரத்தில் திறக்கும். அங்கேயே கேட்டு, வேண்டிய பகுதியின் தொடக்கத்தில் 'ஐ' விசையையும் முடிவில் 'ஓ' விசையையும் அழுத்திக் குறித்துக்கொண்டு, பிறகு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால், அந்தப் பகுதி மட்டும் டைம்லைனில் பிளேஹெட் என்னும் நகரும் கோடு நிற்கும் இடத்தில், ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டு அமர்ந்துவிடும். ஆகவே வசனத் தடத்தைத் தவிர்த்து, அலையோசைக்குத் தனித் தடம் ஒதுக்கிக்கொள்வது அவசியம். காற்புள்ளி விசையை இதற்கு நான் தொடுவதில்லை; அது பின்னால் உள்ள காட்சிகளையும் சேர்த்துத் தள்ளிவிடும்.