சத்தியம் பண்ணாமல் குடியை விட்டேன்

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் ஒருவன் குடியை விட்டான் என்றால் முதலில் வருகிற கேள்வி, "எந்தக் கோயில்ல சத்தியம் பண்ணின?" என்பதுதான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற நாட்களில் பெரும் குடிகாரரும் போத்தலைத் தொடமாட்டார்கள். சடங்கின் கடைசி நிகழ்வான குளிர்த்தி முடிந்ததும் பலர் பழையபடி. நேர்த்தி வைத்து ஒரேயடியாக விட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. என்னைப் போன்ற ஆட்களுக்கும் வழி இருக்கிறது என்று தெரியட்டும்.

ஆரையம்பதியில் வயரிங் வேலை செய்கிறேன். சனிக்கிழமைச் சம்பளத்தோடு தொடங்கிய சாராயம் தினசரி ஆனது. கடைசியில் காலையிலேயே கொஞ்சம் உள்ளே போகாவிட்டால் டெஸ்டர் பிடிக்கிற கை நடுங்கும். போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, சாராயக் கடை பூட்டு என்பதால் முதல்நாளே வாங்கித் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன்.

நாளையிலிருந்து நிறுத்துகிறேன் என்று சொன்னபோது மனைவியின் தம்பிதான் தடுத்தான். "அத்தான், வீட்டுல கிடந்து நிப்பாட்ட வேணாம், டொக்டரக் கேட்டுட்டுச் செய்வம்" என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அவன் செய்தது எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கேதான் விளங்கியது. தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத பூச்சியும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். ஊரில் இதைப் பேய் என்று எண்ணி மந்திரம் பார்க்கக் கொண்டுபோகிறார்கள். தயவுசெய்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எனக்கு வாட்டில் டயசிபாம் என்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்தார்கள். குடிகாரர் உடம்பில் விட்டமின் பி1, அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும், அது மூளையைத் தாக்கும் என்று தயமின் ஊசியும் போட்டார்கள்.

குடியை நிறுத்தும் என்று யாரோ சொன்ன தூள் ஒன்றை மாமி வாங்கி வைத்திருந்தார், எனக்குத் தெரியாமல் கறியில் கலக்க. டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: டைசல்பிராம் போன்ற, குடியை நிறுத்தக் கொடுக்கிற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழுந்துவிடும். குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டொக்டர் பார்வையில்தான் அதைக் கொடுக்க வேண்டும். மாமி அந்தத் தூளை அன்றைக்கே வீசிவிட்டார்.

உடம்பு தெளிந்தது. அப்புறம்தான் உண்மையான வேலை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கிற இயக்கம், உலகம் முழுக்கப் பலரைக் காப்பாற்றியது. அதன் பன்னிரண்டு படிகளில் கடவுளிடம் ஒப்படைப்பது வரும். அது எனக்கு ஒட்டாது என்று கிளினிக்கில் இருந்த ஆலோசகரிடம் நேராகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி என்ற இன்னொரு முறை இருக்கிறது, அதில் சாமியும் இல்லை, ஆயுள் முழுக்க 'நான் குடிகாரன்' என்று சொல்லிக்கொள்ளவும் தேவையில்லை என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நாலாக மடித்தார். குடித்தால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது. விட்டால் என்ன கிடைக்கும், என்ன போகும். "குடியில கிடைக்கிற நல்லதையும் ஒளிக்காம எழுதுங்க" என்றார். 'நித்திரை வரும்', 'பாஸ்மாரோடு சேர்ந்திருக்கலாம்' என்று எழுதினேன். அந்த இரண்டுக்கும் வேறு வழி தேடாவிட்டால் திரும்பப் போய்விடுவேன் என்று தாளைப் பார்த்தபோதே தெரிந்தது. மாலையில் மகளோடு கல்லடிக் கடற்கரைக்குப் போகத் தொடங்கியது அதனால்தான்.

அடுத்தது ஆசை வருகிற நேரம். அதை அடக்கவும் வேண்டாம், அதற்கு இணங்கவும் வேண்டாம். அலை போல எழும்பி, பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும், அதுவரை உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்றார். எனக்குத் தொண்டையிலும் தாடையிலும் பிடிக்கும். முதல் மாதத்தில் சம்பள நாள் ஆறு மணிக்கு அது வருவதைப் பார்த்துக்கொண்டு பிளேன் டீயோடு உட்கார்ந்திருப்பேன். சம்பளத்தை நேரே மனைவி கையில் கொடுக்கும்படி பாஸிடம் சொல்லி வைத்தேன்.

எங்களோடு கிளினிக்குக்கு வந்த படுவான்கரை விவசாயி ஒருவர், வெள்ளாமை வெட்டிக் காசு கையில் வந்த அன்று குடித்துவிட்டார். சத்தியம் என்றால் அதோடு உடைந்தது, பிறகென்ன என்று தொடர்ந்து குடிப்பார்கள். அவரிடம் ஆலோசகர் கேட்டது ஒன்றுதான்: "காலையில இருந்து என்னென்ன நடந்தது, சொல்லுங்க." நெல் ஏற்றியது, காசு எண்ணியது, மதியம் சாப்பிடாதது, தனியாக பஸ்ஸுக்கு நின்றது என்று ஒவ்வொன்றாக வந்தது. அடுத்த போகத்தில் அவர் மகனையும் கூட்டிக்கொண்டு நெல் விற்கப் போனார்.

செத்த வீட்டில் இரவு போத்தல் திறக்கும்போது இப்போதும் யாராவது நீட்டுவார்கள். "வேணாம், நான் குடிக்கிறல்ல" என்கிறேன், காரணம் சொல்வதில்லை. கிளினிக்குக்குப் போக வெட்கப்படுகிறவர்கள் 1926க்கு எடுத்துப் பாருங்கள். இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் அது, இரவிலும் எடுக்கலாம்.