கான்டெஸ்ஸாவும் ஆயிரம் குதிரைத்திறனும்

2025 ஏப்ரல் 20, ஞாயிறு. சத்துவாச்சாரி, வேலூர்

அக்காள் மகன் ஆம்பூரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டான். சென்ற மாதம் குடியாத்தத்தில் வாங்கிய பழைய கான்டெஸ்ஸா காரை வாசலில் நிறுத்தியவன், காப்பித் தம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேள்வியைப் போட்டான். “மாமா, இதுல ஆயிரம் எச்.பி. கொண்டுவர முடியுமா? ரேஸுக்கு இல்ல, ரோட்டுல ஓட்டத்தான்.” பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு ஆண்டுகள் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் சிரித்து அனுப்புவதா, கணக்குப் போட்டுக் காட்டுவதா என்று சற்று நேரம் எனக்கே தெரியவில்லை.

அவன் தேர்ந்தெடுத்த வண்டியில் தவறில்லை. பின் சக்கரங்களால் உந்தப்படுவது, நீளமான பானெட் கொண்டது, பெரிய எஞ்சினை இறக்க இடம் உள்ளது. நம் நாட்டில் தயாரான கார்களில் இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தவை அரிது. ஆனால் அதில் இப்போது இருக்கும் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினின் திறன், புதிதாக இருந்த காலத்திலேயே 88 குதிரை. பையன் கேட்பது அதைப்போலப் பதினோரு மடங்கு. அந்த 88 குதிரையையும் தாங்காமல் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் தண்ணீர் கொதித்து, அரை மணி நேரம் ஓரங்கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பதை மதியச் சாப்பாட்டின்போது அவனே சொன்னான்.

ஏப்ரல் 23, புதன்

எஞ்சின்தான் பெரிய தடை என்று எண்ணியிருந்தேன். இரவெல்லாம் யோசித்ததில் அது தவறு என்று தெரிந்தது. டொயோட்டாவின் 2ஜேஇசட் போன்ற மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை, வார்ப்பிரும்பு பிளாக்கை அப்படியே வைத்துக்கொண்டு, பிஸ்டன், கனெக்டிங் ராடு, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), இன்ஜெக்டர் ஆகியவற்றை மாற்றி ஆயிரத்துக்குக் கொண்டுசென்றவர்கள் உலகெங்கும் பலர் இருக்கிறார்கள். பணமும் பொறுமையும் இருந்தால் குதிரைகளைப் பிறப்பித்துவிடலாம். அவற்றுக்குத் தீனி போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தோராயமாகப் போட்ட கணக்கு இது. ஆயிரம் குதிரைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 கிலோ காற்று வேண்டும். பத்தடிக்குப் பதினான்கடி, உயரம் பத்தடி என்று கட்டிய ஓர் அறையின் மொத்தக் காற்றையும் அந்த எஞ்சின் ஒரே நிமிடத்தில் குடித்துவிடும். பெட்ரோல் நிமிடத்துக்கு ஆறு லிட்டருக்கு மேல். பதினைந்து லிட்டர்க் குடம் ஒன்றில் ஊற்றி வைத்தால் இரண்டரை நிமிடத்தில் காலி. இவ்வளவையும் இடையறாமல் தள்ளுவதற்கு வண்டியோடு வந்த எரிபொருள் பம்பும் குழாயும் எந்த மூலைக்கும் போதாது.

இதைத் தொலைபேசியில் சொன்னதும், “மைலேஜ் பத்திக் கவலையில்ல மாமா” என்றான். நான் மைலேஜைப் பற்றிப் பேசவே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

எரிபொருளின் தரத்தைப் பற்றி இன்று நெடுநேரம் பேசினோம். நம் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார் வைத்திருப்பவர்கள் ரப்பர் குழாய்களை நினைத்து இதைத் திட்டுகிறார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் டர்போ எஞ்சினைக் கட்டுபவனுக்கு எத்தனால் பகையன்று. ஆவியாகும்போது பெட்ரோலைவிட மிகுந்த வெப்பத்தை உறிஞ்சி உள்ளே போகும் காற்றைக் குளிரச் செய்யும், நாக்கிங்கையும், அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பதையும், தள்ளிப்போடும். அமெரிக்காவில் 2023இல் வெளிவந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன் 170, எத்தனால் மிகுந்த இ85 எரிபொருளில் 1,025 குதிரைத்திறன் தருகிறது. சாதாரண பங்க் பெட்ரோலை ஊற்றினால் அதே கார் 900 அளவில் நின்றுவிடுகிறது. வாடிக்கையாளருக்கு உத்தரவாதம் கொடுத்து விற்கும் நிறுவனமே எரிபொருளைப் பார்த்துத்தான் எண்ணைச் சொல்கிறது. வேலூரில் இ85 ஊற்றிக்கொண்டு தெருவில் ஓட்டலாம் என்ற நினைப்பு இப்போதைக்கு வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். மிஞ்சியிருப்பது பெரிய ஊர்ச் சில பங்க்குகளில் விற்கும் நூறு ஆக்டேன் பெட்ரோல். அது தேடிப்போய் ஊற்ற வேண்டிய எரிபொருள் என்றால், ஊற்றும் வண்டியைத் தெருவண்டி என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

மே 4, ஞாயிறு. அக்னி நட்சத்திரம் தொடக்கம்

இந்தக் கணக்கைப் போடுவதற்கு ஏற்ற நாள்தான். வெளிக்காற்று 42 டிகிரி என்று வைத்துக்கொண்டு, டர்போ அதை இரண்டரை மடங்கு அழுத்தினால், அழுத்தியதனாலேயே அந்தக் காற்று சுமார் 170 டிகிரிக்குச் சூடேறிவிடும். இன்டர்கூலர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வெளிக்காற்றைக் கொண்டுதான் குளிர்விக்கிறது என்பதால் 42க்குக் கீழே இறக்க அதனால் ஆகாது. 20 டிகிரி ஊரில் ஒருவர் சோதனை மேடையில் எடுத்துக் காட்டும் ஆயிரம், நம் ஊர் வெயிலில் ஆயிரமாக இருக்காது.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் கதை இன்னும் கடினமானது. முழுத் திறனில் எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டருக்கு மட்டும் ஏறக்குறைய ஐந்நூறு கிலோவாட் வெப்பம் போகும். இரண்டு கிலோவாட் கீசர்கள் இருநூற்றைம்பதை ஒன்றாக எரியவிட்டதற்குச் சமம். 95 டிகிரித் தண்ணீருக்கும் 20 டிகிரிக் காற்றுக்கும் இடையே 75 டிகிரி வேறுபாடு. இங்கே அது 53தான். ஆகவே அதே ரேடியேட்டரின் வேலைத்திறன் வேலூரில் முப்பது விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 2005இல் ஆயிரத்தொரு குதிரைத்திறனோடு வந்த புகாட்டி வேரானுக்கு மொத்தம் பத்து ரேடியேட்டர்களை வைத்தார்கள் என்பதை ஆடம்பரம் என்று அக்காலத்தில் வகுப்பில் கேலி செய்திருக்கிறேன். அந்தக் கேலியை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

முழுத் திறனைத் தெருவில் ஐந்து விநாடிக்கு மேல் யாரும் பயன்படுத்த முடியாது, ஆகவே அவ்வளவு பெரிய ரேடியேட்டர் தேவையில்லை என்று பையன் வாதாடினான். சரியான வாதம், ஒப்புக்கொண்டேன். ஆனால் கிரீன் சர்க்கிளில், நண்பகலில், ஏ.சி. ஓட, முன்னே ஒரு பேருந்தும் பக்கத்தில் மூன்று ஷேர் ஆட்டோக்களும் நிற்க, காலைக் கடுக்கவைக்கும் கனத்த கிளட்சை மிதித்தபடி அந்த எஞ்சின் கால்மணி நேரம் ஐடிலில் நிற்க வேண்டுமே! அங்கே காற்றே வராது. தெருவண்டிக்கு உண்மையான தேர்வு அதுதான் என்பது என் எண்ணம்.

மே 6, செவ்வாய்

வெயிலில் வெளியே போகவில்லை. வண்டியின் பின் ஆக்சிலைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு: நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஆயிரம் குதிரை என்றால் முறுக்குவிசை ஆயிரம் நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. அதைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரொப்பல்லர் ஷாஃப்ட், கிரவுன் பினியன், ஆக்சில் ஷாஃப்ட் எதுவும் மிஞ்சாது.

மே 11, ஞாயிறு

டயர்க் கணக்கை இன்று அவனைக் கொண்டே போடவைத்தேன். வண்டி, எஞ்சின், இரண்டு ஆட்கள் எல்லாம் சேர்ந்து 1,400 கிலோ. வேகமெடுக்கும்போது எடையில் 55 விழுக்காடு பின் சக்கரங்களின் மேல் விழுவதாகவும், நல்ல சாலை டயருக்கும் நம் புழுதிச் சாலைக்கும் இடையே உராய்வு எண் 0.9 என்றும் கொண்டால், அந்த இரண்டு டயர்களும் சேர்ந்து முன்னே தள்ளக்கூடிய விசை சுமார் 6,800 நியூட்டன். அதற்கு மேல் எதைக் கொடுத்தாலும் சக்கரம் வழுக்கிச் சுழலும்.

விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். 60 கிலோமீட்டர் வேகத்தில் சாலை ஏற்றுக்கொள்வது 152 குதிரை. நூறில் 253. ஆயிரம் குதிரையையும் அந்த டயர்கள் வழுக்காமல் ஏற்கவேண்டுமானால் வண்டி 395 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும். பையன் கால்குலேட்டரில் மூன்று முறை தட்டிப் பார்த்தான். இழுவைப் பந்தயத்துக்கான ஒட்டும் டயரைப் போட்டு உராய்வை ஒன்றரைக்கு உயர்த்தி, பின்பக்க எடையை 65 விழுக்காடாக்கினாலும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஐந்நூறைத் தாண்டவில்லை. அந்த டயர் முதல் மழைக்கே ஆகாது. புகாட்டி நான்கு சக்கரங்களுக்கும் திறனைப் பிரித்துக் கொடுத்ததன் காரணம் இதுதான். டெஸ்லா 2021இல் விற்கத் தொடங்கிய மாடல் எஸ் பிளெய்ட் 1,020 குதிரைத்திறனைக் குடும்பக் காரில் பழக்கியதும், மூன்று மோட்டார்கள் நான்கு சக்கரங்களையும் இயக்க, டயர் வழுக்கத் தொடங்கிய கணமே மோட்டாரின் விசையைக் குறைக்க முடிவதால்தான். இதைச் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. மின்சாரக் கார் என்றாலே அவனுக்கு மிக்ஸியின் நினைவு வருகிறதாம்.

இன்னொன்றையும் போட்டுப் பார்த்தோம். வாலாஜா வரை நெடுஞ்சாலையில் ஒரே சீராக நூறில் போவதற்கு இந்த வண்டிக்குத் தேவைப்படுவது இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட குதிரை. கியர்பாக்ஸ், ஆக்சிலில் போகும் இழப்பையும் சேர்த்தால், நூறு வரை டயரின் விளிம்பிலேயே வண்டியை ஓட்ட எஞ்சினில் 300 போதும். எதிர்த்திசையில் கரும்பு டிராக்டர் வரக்கூடிய சாலையில் மீதமுள்ள 700 எதற்கு என்று கேட்டேன். “இருக்குன்னு ஒரு கெத்துக்குத்தான் மாமா” என்றான். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மே 14, புதன்

அவன் கேட்காமலே சொல்ல வேண்டியதை இன்று சொல்லிவிட்டேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த நிலையிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தம், மாற்றியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பானெட்டைத் திறந்துதான் பார்க்கும். ஆகவே ஆயிரம் மட்டுமன்று, நான் கணக்கிட்டுச் சொன்ன 300கூட இந்த வண்டியில் தெருவுக்கு ஆகாது. எஞ்சினை மாற்றினால் இதை லாரியில் ஏற்றி, சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளத்துக்குக் கொண்டுபோய்த்தான் ஓட்ட வேண்டும்.

நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு லாரி வாடகை எவ்வளவு இருக்கும் என்று கேட்டான்.

மே 18, ஞாயிறு

ரேடியேட்டரைக் கழற்றினோம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றியிருக்கிறார்கள். மேல்தொட்டியைத் திறந்தபோது குழாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு அடைத்து, பழைய பித்தளைக் குடத்தின் உட்புறம் போல் வெளுத்துக் கிடந்தது. பள்ளிகொண்டாவில் கொதித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆற்காடு ரோட்டுப் பட்டறைக்காரர் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்னார். பையன் அவரைத் தனியே அழைத்துப்போய், இப்போது இரண்டு வரிசையாக உள்ள குழாயை நான்கு வரிசையாக்கினால் எத்தனை குதிரை வரை தாங்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். நான் காதில் வாங்காததுபோல், கூலன்ட் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டேன்.