கோடை உறக்கக் குறிப்புகள்

மே 11

பருத்த தண்டில் நீரைச் சேமிக்கும் செடியான டைலகோடன் பானிகுலேட்டஸின் இலைகள் அடியிலிருந்து மஞ்சளாகி உதிரத் தொடங்கிவிட்டன. நோயென்று பதற வேண்டியதில்லை. இதன் தாயகங்களுள் ஒன்றான தென்னாப்பிரிக்காவின் நமக்குவாலாந்தில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும் என்பதால், வறண்ட கோடையை இலையில்லாமல் கழிப்பது இச்செடியின் பிறவிக் குணம். இன்றுமுதல் நீரைக் குறைக்கிறேன்.

ஜூன் 14

ஓர் இலைகூட இல்லாத மொட்டைத் தண்டின் உச்சியில் பூங்கொத்து நீள்கிறது. பூப்பதற்கு வேண்டிய நீர் பருத்த தண்டின் சேமிப்பிலிருந்தே செல்கிறது. பூவைக் கண்டு நீர் ஊற்றத் தோன்றுவதுதான் ஆபத்து.

ஜூலை 20

அந்தத் தவற்றை வேறொரு தொட்டியில் செய்துவிட்டேன். இதேபோல் கோடையில் உறங்கும் ஒதோன்னாச் செடியின் தண்டு சுருங்கியிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், பதினோரு நாள்களுக்கு முன் ஒரு குவளை நீர் ஊற்றினேன். இன்று அடித்தண்டை அழுத்தியபோது விரல் உள்ளே பதிந்தது. தோலைக் கீறினால் பழுப்புக் கூழ், புளித்த நாற்றம். உறக்கத்தின்போது நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் காய்ந்துவிடுவதால், ஊற்றிய நீர் செடிக்குள் செல்லாமல் மண்ணிலேயே தேங்கி, அந்த வெப்பத்தில் அழுகலுக்கே உதவியிருக்கிறது. பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத சதை தெரியும்வரை கத்தியைத் துடைத்துத் துடைத்து மேல்நோக்கி வெட்டினேன். எஞ்சியது விரல் நீளத் துண்டு. கந்தகத் தூள் தடவி நிழலில் உலர வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 24

இரவுகள் குளிர்ந்துவிட்டன. டைலகோடனின் நுனிகளில் பச்சைப் புள்ளிகள் தெரிவதால் முதல் நீர் இன்று. நாள்காட்டியைவிட இந்தப் புள்ளிகளையே நம்புகிறேன், ஏனெனில் தெற்கு அரைக்கோளத்திலிருந்து வடக்கே வரும் செடிக்குப் பருவம் ஆறு மாதம் புரண்டிருக்கும். பெயரும் புரட்டல்தான்: 1978இல் தாவரவியலாளர் டோல்கென் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்தபோது, கோட்டிலிடன் (Cotyledon) என்ற பழைய பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றி டைலகோடன் (Tylecodon) என்று புதுப்பெயராக்கினார்.

நவம்பர் 8

ஆமையோட்டுக் கிழங்குடைய டயோஸ்கோரியா எலிஃபான்டிபீஸ் யாரையும் கேட்காமல் விழித்து, கம்பியைப் பற்றி ஏறுகிறது. பொதுவாகக் குளிர்காலச் செடி என்றாலும் இது சொன்னபடி கேட்பதில்லை. கோடையில் கொடி விட்டாலும் அப்போதே நீர் தர வேண்டும்.

உலர்ந்த ஒதோன்னாத் துண்டைச் சரளை மணலில் ஊன்றி ஆறு வாரமாகிறது. வேர் பிடித்த அடையாளம் இல்லை. நுனியில் கடுகளவு இலை ஒன்று மட்டும் வந்திருக்கிறது. அது சேமிப்பைக் கொண்டே வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் மணலைச் சற்றே ஈரமாக்கியதோடு நிறுத்திக்கொண்டேன்.