சம்பளத்துக்கும் ஒரு பாட்டு

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு வந்த புதிதில் ஒருநாள் ஆபீசுக்குக் கீழே ஒரே பாட்டும் குதியாட்டமும். யார் வீட்டுக் கல்யாணம் என்று சன்னலில் எட்டிப் பார்த்தேன். துப்புரவுத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தமாம்! சிவப்புச் சட்டை போட்ட ஒரு அக்கா வரியை எடுத்துக் கொடுக்க, பின்னால் நின்றவர்கள் மேல்குரல், கீழ்க்குரல் என்று தாமாகவே பிரிந்து வாங்கிப் பாடினார்கள். முழங்காலைத் தூக்கித் தூக்கி ஒரே தாளத்தில் குதி. டோயி டோயி என்கிறார்கள். நம்மூர் 'போராடுவோம் போராடுவோம்' அரை மணியில் தொண்டை கட்டிப் படுத்துவிடும். இவர்கள் மதியம்வரை ஓயவில்லை.

பக்கத்து சீட்டுக்காரர், நகரை ஒட்டிய கறுப்பின மக்கள் குடியிருப்பான சோவெட்டோவில் வளர்ந்தவர். நிறவெறி ஆட்சியில் கூட்டம் போடத் தடை என்பதால் சாவு ஊர்வலத்தில்தான் அரசியலே நடந்ததாம். அங்கே பாட்டுத்தான் பேச்சு. பிரதமர் வெர்வூர்டை எச்சரித்துப் பாட்டுக் கட்டிய தொழிற்சங்கக்காரர் வுயிசிலே மினியை 1964-ல் பிரிட்டோரியாவில் தூக்கில் போட்டார்கள். பாடிக்கொண்டே போனாராம் மனுஷன். பாடகி மிரியம் மகேபா 1960-ல் அம்மா இறந்த சேதி கேட்டு அமெரிக்காவிலிருந்து கிளம்பப் பார்த்தால், பாஸ்போர்ட்டை ரத்து செய்திருந்தார்கள். ஊர் திரும்ப 1990 ஆயிற்று. டிக்கெட் விலையைச் சொல்லிப் புலம்பும் நான் அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாம் இனிமை என்றும் இல்லை. கறுப்பின மக்களின் பிரார்த்தனைப் பாடலையும் பழைய ஆட்சியின் கீதத்தையும் 1997-ல் ஒட்டவைத்ததுதான் இன்றைய தேசிய கீதம், ஐந்து மொழி. பள்ளி விழாவில் என் மகள் மூச்சுவிடாமல் பாடுகிறாள். பழைய ஆட்சியின் மொழியான ஆப்பிரிக்கான்ஸ் வரி வந்ததும் வாயை இறுக்கிக்கொள்ளும் பெரியவர்களையும் பார்க்கிறேன்.

இப்போது எனக்கு எல்லாம் பழகிவிட்டது. மறியல் பாட்டு கேட்டால் சன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்க்கிறேன். சாத்தி என்ன? நம்மூரில் எங்கள் தெரு ராசாத்தி ஆயா நினைவில் வந்துவிடுகிறாள். ஒப்பாரி வைக்கும்போதே, செத்தவரின் நிலத்தை எழுதி வாங்கிய மச்சானை நடுவில் நுழைத்து, வம்சத்தையே இழுத்து வைவாள். அவன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு தலை கவிழ்ந்து நிற்பான். பாட்டில் சொன்னதற்கு யாரிடம் போய்ப் பஞ்சாயத்து வைப்பான்? இதைச் சொன்னதும் சோவெட்டோக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "நிலம் திரும்பக் கிடைத்ததா?" என்று கேட்டார்.

இல்லை. துப்புரவுக்காரர்களுக்கும் கேட்டதில் பாதிதான் கிடைத்தது.